பல் மருத்துவக் கல்வியில் மெய்நிகர்ப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவ மாணவர்கள் நோயாளியைத் தொடுவதற்கு முன் பயிற்சி பெறும் கூடங்களில் மெய்நிகர்க் கருவிகள் இடம்பிடித்துவருகின்றன. அவற்றைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் உடன் பணியாற்றும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றை நம்பியிருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. வி.ஆர். (மெய்நிகர் உண்மை) என்றால் தலையில் மாட்டிக்கொள்ளும் அந்தக் கண்ணாடிதானே?

அதுவும் உண்டு, ஆனால் பல் மருத்துவப் பயிற்சியில் அது முதன்மையானதன்று. தலையில் மாட்டும் ஹெட்செட் கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமே வேலை கொடுக்கிறது. தாடையின் உடற்கூறியலைச் சுற்றிச்சுற்றிப் பார்ப்பதற்கும், அறுவைச் சிகிச்சையின் படிநிலைகளை மனத்தில் பதிப்பதற்கும், சிகிச்சை நாற்காலியில் நோயாளி மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்ப்பதற்கும் அது போதும்.

பல்லைக் குடையக் கற்றுக்கொள்வதற்குக் கைக்கும் உணர்வு தேவை. அதற்கென உருவானவை தொடு உணர்வு சிமுலேட்டர்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல் மருத்துவக் கல்வி மையத்தின் ஒத்துழைப்போடு உருவான சிமோடான்ட், பிரான்சின் விர்ட்டீசி, ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் பிறந்த வாக்செல்-மேன் ஆகியவை இவ்வகையின் அறியப்பட்ட பெயர்கள். மாணவர் வழக்கமான இருக்கையில் அமர்ந்து, முப்பரிமாணத் திரையில் பல்லைப் பார்த்தபடி, பல்லைக் குடையும் கைக்கருவியான ஹேண்ட்பீஸைப் போன்ற ஒரு பிடியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து, காலால் மிதிகட்டையை அழுத்தி வேலை செய்கிறார். இந்தப் பக்கத்தில் ‘கருவி’ என்று பொதுவாகச் சொல்லும் இடங்களில் இவ்வகையையே குறிப்பிடுகிறேன்.

2. எதிரே ஒன்றுமே இல்லாதபோது கையில் பல்லின் கடினம் எப்படித் தெரிகிறது?

மாணவர் பிடித்திருக்கும் பிடி, மோட்டார்கள் பொருத்திய ஒரு சிறிய இயந்திரக் கையோடு இணைந்திருக்கிறது. திரையில் தெரியும் பல், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கடின மதிப்பைக் கொண்ட மிகச் சிறிய கனசதுரங்களால் ஆனது. பர்ரின், அதாவது ஹேண்ட்பீஸில் சுழன்று பல்லை வெட்டும் சிறு துண்டின், முனை எந்தக் கனசதுரத்தைத் தொடுகிறது என்று கணினி கணக்கிட்டு, அதற்கேற்ற எதிர்விசையை மோட்டார்கள் மூலம் விரல்களுக்குத் தருகிறது. வெட்டுப்பட்ட கனசதுரங்கள் மாதிரியிலிருந்து நீக்கப்படுகின்றன. படத்தை நொடிக்கு 60 முறை புதுப்பித்தால் கண் திருப்தியடைந்துவிடும். விரல் அப்படிப்பட்டதன்று, விசையை நொடிக்கு ஏறத்தாழ 1000 முறை புதுப்பிக்காவிட்டால் கடினமான பரப்பு நடுங்குவதுபோல் தோன்றும். இத்தகைய விசைக் கருவிகளுக்கு வழிகாட்டியது, 1994-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் தாமஸ் மாசி, கென்னத் சாலிஸ்பரி ஆகியோர் உருவாக்கிய ஃபேன்டம் என்னும் கருவி.

பல்லின் வெளியடுக்கான எனாமல் எடையளவில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருளால் ஆனது. அதன் அடியிலுள்ள டென்டினில் அது ஏறத்தாழ 70 விழுக்காடுதான். எனாமலைக் கடந்து டென்டினுக்குள் பர் இறங்கும்போது கைக்குத் தெரியும் அந்தத் தளர்ச்சியைத்தான் கருவி கற்றுத்தர முயல்கிறது. எல்லாக் கருவிகளும் இதில் சமமாக வெற்றி பெறுவதில்லை. மேசைமேல் வைக்கும் சிறிய விசைக் கருவிகளில் சிலவற்றின் உச்ச விசை 3.3 நியூட்டன் அளவிலேயே நின்றுவிடுகிறது. அவற்றில் எனாமலை அழுத்தினால் கெட்டியான ரப்பரை அழுத்துவதுபோல்தான் இருக்கும். கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள் படத்தின் அழகைப் பார்த்து மயங்காமல், கண்ணை மூடிக்கொண்டு எனாமலையும் டென்டினையும் தொட்டு வேறுபடுத்த முடிகிறதா என்று சோதிப்பது நல்லது.

3. அப்படியானால் பழைய ஃபேன்டம் ஹெட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கூடாது. மேலே சொன்ன விசைக் கருவியின் பெயரும் இதுவும் ஒன்றுபோல் ஒலித்தாலும் இவை வெவ்வேறு. ஃபேன்டம் ஹெட் என்பது தாடையும் செயற்கைப் பற்களும் பொருத்திய மாதிரித் தலை. 1894-இல் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் அறிமுகப்படுத்திய அந்த எண்ணம் இன்றுவரை நீடிப்பதற்குக் காரணம் இருக்கிறது: அதில் உண்மையான ஹேண்ட்பீஸ் ஓடுகிறது. நிமிடத்துக்கு 3 லட்சம் முதல் 4 லட்சம் சுற்றுகள் சுழலும் காற்றுச் சுழலியின் எடை, அதன் குழாய் பின்னோக்கி இழுக்கும் இழுப்பு, முகக்கண்ணாடியில் தெறித்துப் பார்வையை மறைக்கும் நீர்த்திவலை ஆகியவற்றை இப்போதைய கருவிகள் அரைகுறையாகவே காட்டுகின்றன.

மாதிரித் தலையிலும் குறை உண்டு. அதில் பொருத்தும் பிளாஸ்டிக் பல் பெரும்பாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே கடினம் கொண்டது. அதில் சொத்தை இல்லை, பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள பற்கூழும் இல்லை. ஒருமுறை தவறாக வெட்டினால் அந்தப் பல் அத்தோடு வீண். தவறைத் திரும்பச் செய்துபார்த்து அது எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. மெய்நிகர்க் கருவியின் மிகப் பெரிய பயன் இதுதான் என்பது என் கருத்து: ஒரே பல்லில் ஒரே தவறை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து, ஒவ்வொரு முறையும் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். ஆகவே முதலில் கருவி, பிறகு மாதிரித் தலை, இடையிடையே மீண்டும் கருவி என்ற வரிசையே பொருத்தமாக இருக்கிறது.

4. பிடுங்கிய உண்மையான பற்களில் பழகுவதைவிட இது உயர்ந்ததா?

உணர்வில் உண்மையான பல்லுக்கு ஈடில்லை. ஆனால் ஒரு வகுப்பில் உள்ள அனைவருக்கும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் சொத்தை உள்ள பற்கள் கிடைக்கா; பிடுங்க நேர்ந்த பற்களில் பல பயிற்சிக்கு உதவாத அளவு சிதைந்திருக்கும். தொற்றுநீக்கமும் எளிதன்று. பாதரசக் கலவை அடைத்த பல்லை, அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் பாதரச ஆவி வெளிப்படும் என்பதால் அதை ஃபார்மலினில் தனியே ஊறவைக்க வேண்டியிருக்கிறது. கிடைக்கும் நல்ல பற்களைத் தொடக்கநிலைப் பயிற்சியில் வீணாக்காமல் பிந்தைய கட்டத்துக்கு வைத்திருப்பதே சிக்கனம்.

5. முதல் நாளே பல்லைக் குடையச் சொல்வார்களா?

பெரும்பாலும் இல்லை. திரையில் ஒரு தட்டையான கட்டி தெரியும். அதன் நடுவே சிலுவை வடிவிலோ நேர்கோடாகவோ ஒரு பகுதி வேறு நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும்; அதை மட்டும் குறிப்பிட்ட ஆழத்துக்கு வெட்டியெடுத்து, சுற்றுச்சுவரையும் அடித்தளத்தையும் தொடாமல் விட வேண்டும். பார்ப்பதற்கு எளிது. முதல் முயற்சியில் அடித்தளம் மேடும் பள்ளமுமாக வருவது வழக்கம், ஏனெனில் பெரும்பாலோர் மோதிர விரலை எங்கும் ஊன்றாமல் கை முழுவதையும் அந்தரத்தில் வைத்து வெட்டுகிறார்கள். விரலை ஊன்றியதும் அடித்தளம் சமனாவதை மாணவர் தம் கண்ணாலேயே பார்ப்பார்.

அடுத்தது சிறு ஆடியில் பார்த்து வெட்டுவது. மேல்தாடையின் கடைவாய்ப்பல்லை நேரே பார்ப்பது கடினம். இடக்கையில் பிடித்த வாய்க்கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். பிம்பத்தில் திசை மாறித் தெரிவதால், பர்ரைப் பின்னோக்கி நகர்த்த நினைக்கும் மாணவரின் கை முன்னோக்கிப் போகும். உடனே அவர் கண்ணாடியைக் கைவிட்டு, கழுத்தை வளைத்து நேரே எட்டிப்பார்க்க முயல்வார். தலையசைவைப் பின்தொடராத கருவிகளில் எவ்வளவு குனிந்தாலும் காட்சி மாறாது. வேறு வழியின்றி அவர் மீண்டும் கண்ணாடிக்கே திரும்புகிறார். கழுத்துவலியோடு பணி ஓய்வு பெறும் பல் மருத்துவர்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டாயத்தின் அருமை புரியும்.

6. எனக்கு 95 மதிப்பெண் வந்துவிட்டது. நான் தேறிவிட்டேன் என்று பொருளா?

கருவி எதை அளக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். நீக்க வேண்டிய பகுதியில் எத்தனை விழுக்காடு நீக்கப்பட்டது, நீக்கக்கூடாத பகுதி எவ்வளவு போயிற்று, பற்கூழ் வெளிப்பட்டதா, பக்கத்துப் பல் கீறப்பட்டதா, எவ்வளவு நேரம் ஆனது ஆகியவற்றையே அது பொதுவாகக் கணக்கிடுகிறது. இவை பயனுள்ள அளவுகள். மனிதக் கண்ணைவிடத் துல்லியமாக அளக்கப்படுபவை. ஆனால் பர்ரை எந்தக் கோணத்தில் நுழைத்தீர்கள், விரலை எங்கே ஊன்றினீர்கள், எப்படி அமர்ந்திருந்தீர்கள் என்பவை பல கருவிகளின் மதிப்பெண்ணில் சேர்வதில்லை. கூனி அமர்ந்து, பர்ரால் சுரண்டிச் சுரண்டிக் குறித்த பகுதியை மட்டும் நீக்கி 95 வாங்கிவிடலாம். கடைவாய்ப்பல்லின் மேற்பரப்புக் குழிக்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை வழவழப்பான சில நகர்வுகளில் அடைந்தவரும், பத்து மடங்கு தொட்டுத்தொட்டு அடைந்தவரும் ஒரே எண்ணைப் பெறக்கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெட்டும்போதே திரையில் நிறம் மாறி எச்சரிக்கும் கருவியில் பழகியவர், அந்த எச்சரிக்கையை எதிர்பார்த்தே வெட்டத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு கணமும் கிடைக்கும் பின்னூட்டம் செயலை உடனடியாக மேம்படுத்தும். ஆனால் அதை எடுத்துவிட்டால் திறன் சரிந்துவிடக்கூடும் என்பதை, உடலியக்கக் கற்றல் குறித்து 1984-இல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுத்தொகுப்பு எடுத்துக்காட்டியது. உண்மையான பற்கூழின் அருகே எந்த எச்சரிக்கை ஒலியும் எழாது. ஆகவே தொடக்கத்தில் எச்சரிக்கைகளை வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, வெட்டி முடித்தபின் “இதன் ஆழம் எவ்வளவு இருக்கும்?” என்று நீங்களே மதிப்பிட்டு, அதன் பிறகு கருவியின் அளவைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறைவதே முன்னேற்றம்.

7. கருவியே திருத்திவிடுகிறது என்றால் ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை?

முந்தைய விடையில் மதிப்பெண்ணில் சேராதவை என்று சொன்ன அனைத்தும் ஆசிரியரின் வேலை. கருவி “நல்ல திசு 12 விழுக்காடு போய்விட்டது” என்று சொல்லும். ஏன் போயிற்று என்று சொல்லாது. மாணவர் அருகே நின்று பார்ப்பவருக்குத்தான், மணிக்கட்டு பூட்டிக்கொண்டதால் பர் சாய்ந்தது என்பது தெரியும். எண்ணைச் சொல்லும் சுமை குறைவதால் ஆசிரியருக்குக் கையைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தை அலுவலகத்தில் கழிக்கும் கல்லூரியில் கருவியால் பயன் குறைவு.

8. கொஞ்ச நேரத்திலேயே தலை சுற்றுகிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை. செயற்கை முப்பரிமாணக் காட்சியில் இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும் அளவு ஒரு தொலைவைக் காட்ட, கண்வில்லை குவிய வேண்டிய தொலைவு திரையிலேயே நிலைத்திருக்கிறது. இந்த முரண்பாடு கண் சோர்வையும் தலைவலியையும் தரக்கூடும். ஹெட்செட்டில் இது கூடுதல்; நிலையான திரை உள்ள சிமுலேட்டரில் பொதுவாகக் குறைவு. பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையிலான தூரம் பெரும்பாலும் 54 முதல் 74 மில்லிமீட்டருக்குள் வேறுபடுவதால், அதற்கேற்பக் கருவியைச் சரிசெய்யாமல் தொடங்குவதும் ஒரு காரணம். குறுகிய அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சிலருக்கு இரு கண் ஆழப்பார்வை இயல்பாகவே குறைவு. அவர்கள் வாழ்நாள் முழுவதும் நிழல், அளவு போன்ற வேறு குறிப்புகளால் ஆழத்தை உணர்ந்து பழகியிருப்பதால் தங்கள் குறையை அறிந்திருக்கமாட்டார்கள்; கருவியின் முன்தான் அது வெளிப்படும். அதனால் பல் மருத்துவத்துக்கே தகுதியில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு கண் மருத்துவரைப் பாருங்கள், ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள்.

9. நான் இடக்கைப் பழக்கம் உள்ளவன். கருவி எனக்கு ஒத்துவருமா?

கல்லூரி வாங்கியிருக்கும் மாதிரியைப் பொறுத்தது. பலவற்றில் பிடியையும் ஆடியையும் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். விசைக் கை ஒரு பக்கத்திலேயே பொருத்தப்பட்டவற்றில் சிரமம். முதல் வகுப்புக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

10. மரத்துப்போகும் ஊசி போடுவதையும் இதில் கற்றுக்கொள்ளலாமா?

கற்றுக்கொள்ளலாம், இன்னும் பரவலாகாத பயிற்சியாக இருந்தாலும், மெய்நிகர்க் கருவிக்கு மிகவும் ஏற்ற பாடங்களுள் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். ஊசியின் முனை திசுவுக்குள் போன பிறகு எங்கே இருக்கிறது என்பதை வழக்கமான பயிற்சியில் கண்ணால் காட்ட முடியாது. பல கல்லூரிகளில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுப் பழகிவந்திருக்கிறார்கள். அதில் கற்பவருக்கும் தெரியாது, கற்பிப்பவருக்கும் உள்ளே நடப்பது தெரியாது.

கீழ்த்தாடை நரம்பை மரக்கச்செய்யும் ஊசியை எடுத்துக்கொள்வோம். சிரிஞ்சின் உடல் எதிர்ப்பக்க முன்கடைவாய்ப் பற்களின் மேல் இருக்க, கீழ்ப்பற்களின் கடிதளத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் மேலே ஊசி நுழைந்து, ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழத்தில் எலும்பைத் தொட வேண்டும். அதற்கு முன்பே எலும்பு தட்டினால் முனை முன்னால் இருக்கிறது. சிரிஞ்சைச் சற்றே இழுத்து, அதன் உடலை வாயின் முன்பக்கம் நோக்கித் திருப்ப வேண்டும். எலும்பே தட்டவில்லை என்றால் முனை மிகவும் பின்னால் போய்விட்டது. அந்நிலையில் மருந்தைச் செலுத்தினால் காதருகே உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள முகநரம்பு மரத்து, சில மணி நேரம் நோயாளியால் கண்ணை மூட முடியாமற்போகலாம். கருவியில் தாடை எலும்பை மட்டும் தெரியவைத்துத் தசையை ஒளிபுகுமாறு மாற்றி இந்த மூன்று நிலைகளையும் காட்டும்போது, பாடநூலில் மனப்பாடம் செய்த வரி மாணவருக்கு இடமாகவும் கோணமாகவும் மாறுகிறது. மருந்தைச் செலுத்தும் முன் சிரிஞ்சின் தண்டைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பதையும், மருந்தை மெதுவாகச் செலுத்துவதையும் அதே அமர்வில் பழக்கமாக்கிவிட வேண்டும்.

11. இந்தக் கருவியால் கற்றுத்தரவே முடியாதது எது?

நிறைய இருக்கிறது. எச்சில் ஊறும் வாய், ஓயாமல் அசையும் நாக்கு, கண்ணாடியைத் தள்ளும் கன்னம், நடுவில் இருமும் நோயாளி. குழியை வெட்டுவதில் கருவிகள் கெட்டிக்காரத்தனம் காட்டும் அளவுக்கு, அதை அடைப்பதில் காட்டுவதில்லை. பல்லைச் சுற்றிப் பொருத்தும் மேட்ரிக்ஸ் பட்டையை இறுக்கி, ஆப்பு செருகி, குழியை அடைக்கும் பிசினை அடுக்கடுக்காக வைத்துக் கடினப்படுத்தும் வேலையை மாதிரித் தலையிலேயே கற்க வேண்டும்.

நுட்பமான ஒன்றையும் சொல்ல வேண்டும். கருவியில் சொத்தைக்கு ஒரு திட்டவட்டமான எல்லை இருக்கிறது. அதை முழுவதும் நீக்கினால் முழு மதிப்பெண். உண்மையான சொத்தையில் மென்மையான டென்டின், தோல்போன்ற டென்டின், உறுதியான டென்டின் என்று படிப்படியாக மாறிச்செல்லும் ஒரு தொடர்ச்சியே உண்டு. ஆழமான சொத்தையில் பற்கூழுக்கு மேலுள்ள மென்பகுதியைச் சிறிது விட்டுவைத்து, ஓரங்களை மட்டும் சுத்தமாக்கி மூட வேண்டும் என்றே 2016-இல் வெளியான சொத்தை குறித்த சர்வதேச ஒருமித்த பரிந்துரைகளும் சொல்கின்றன. எல்லாவற்றையும் நீக்கினால்தான் வெற்றி என்று கருவி பழக்கிவிட்டால், அந்தக் கை நோயாளியின் பற்கூழைத் திறந்துவிடும். எங்கே நிறுத்துவது என்ற தீர்மானத்தைக் கருவியிடம் விடக்கூடாது.

12. வீட்டில் விளையாட்டுக்கு வாங்கிய ஹெட்செட்டில் பழகினால் போதாதா?

முதல் விடையில் சொன்ன உடற்கூறியலுக்கும் படிநிலைகளுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். குடையும் பயிற்சிக்கு வேண்டாம். விளையாட்டுக் கைப்பிடியை முழுக்கையால் பற்றுகிறோம். ஹேண்ட்பீஸைப் பேனாபோல் மூன்று விரல்களால் பிடித்து நான்காவதை ஊன்றுகிறோம். விரல் ஊன்றலும் எதிர்விசையும் இல்லாமல் பழகிய அசைவை அழிக்க, புதிதாகக் கற்பதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

13. கருவியில் கற்ற திறன் உண்மையான வாயில் கைகொடுக்கும் என்பதற்குச் சான்று உண்டா?

ஓரளவுக்கு உண்டு. கருவியில் பழகியவர்கள் அடுத்து பிளாஸ்டிக் பல்லில் வெட்டும்போது, வழக்கமான முறையில் பழகியவர்களுக்கு ஏறத்தாழ ஈடாகச் செய்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவற்றில் பல சிறிய குழுக்களைக் கொண்டவை. அளவுகோலும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. பிளாஸ்டிக் பல்லில் பெற்ற வெற்றியை நோயாளியின் வாயில் பெற்ற வெற்றியாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே துணைக்கருவி என்று சொல்வதற்குச் சான்று போதும். மாற்று என்று சொல்வதற்குப் போதாது.

இதில் கவனிக்கத்தக்க புதிய வழி, வரவிருக்கும் நோயாளியின் பல்லையே வருடிப் படமெடுத்துக் கருவியில் ஏற்றி, சிகிச்சைக்கு முன் மாணவரை ஒத்திகை பார்க்கச்செய்வது. அந்தப் பல்லின் சாய்வும் சொத்தையின் இடமும் முன்பே தெரிந்திருப்பதால் மாணவரின் பதற்றம் குறையும். படத்தைப் பயன்படுத்த நோயாளியின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது கட்டாயம்.

14. பேசாமல் தேர்வையே இதில் நடத்திவிடலாமே? பாரபட்சம் இருக்காதே?

ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறுவது உண்மையான குறை. இரண்டு தேர்வாளர்கள் ஒரே குழியைப் பார்த்து வெவ்வேறு எண் போடுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். கருவி அப்படி மாறாது. ஆனால் மாறாமல் அளப்பதும் சரியானதை அளப்பதும் வேறு வேறு. ஒரு தேர்வு செல்லுபடியாக வேண்டுமானால், அனுபவமுள்ள மருத்துவரையும் புதிய மாணவரையும் அது தெளிவாகப் பிரித்துக்காட்ட வேண்டும். நீண்டகால அனுபவமுள்ள மருத்துவர்கள் முதன்முறையாகக் கருவியின் முன் அமரும்போது, கருவியின் பழக்கமின்மையாலேயே மாணவர்களைவிடக் குறைவாக வாங்குவது உண்டு. அப்படிப்பட்ட பயிற்சியைத் தேர்வாக்கினால் கருவியோடு உள்ள பழக்கத்துக்கே மதிப்பெண் போடுவதாகும்.

நடத்தியே ஆக வேண்டுமானால், எல்லா மாணவருக்கும் அதே மாதிரிக் கருவியில் சமமான பயிற்சி நேரம் கிடைத்திருக்க வேண்டும். எச்சரிக்கைகளை அணைத்திருக்க வேண்டும். அமர்வு நிலையையும் விரல் ஊன்றலையும் ஓர் ஆசிரியர் தனியே மதிப்பிட வேண்டும். மாதிரித் தலையில் ஒரு குழியையும் வெட்டச்சொல்ல வேண்டும். ஒவ்வொரு கருவியின் விசையையும் தேர்வுக்கு முன் சரிபார்ப்பது அவசியம், ஏனெனில் அடுத்தடுத்த இரண்டு இருக்கைகளில் ஒரே பல் வெவ்வேறு கடினமாக உணரப்படலாம். கருவியின் மென்பொருளைப் புதுப்பித்தால் பழைய தேர்ச்சி வரம்பு செல்லாது. அனுபவமுள்ளவர்களை மீண்டும் வெட்டச்சொல்லி அதைப் புதிதாக நிர்ணயிக்க வேண்டும்.